மலை சுமக்கிறது, பணம் எங்கே?

கொல்லிமலை! வல்வில் ஓரி ஆண்ட மலை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆடித் திங்களில் ஓரிக்கு விழா எடுக்கிறோம், மாலை சூட்டுகிறோம், மார் தட்டுகிறோம். விழா முடிந்து, காரவல்லி வரை நீளும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் இறங்கி மறைந்த பின்னர், அந்த மலையிலே வாழ்வோர் யார், அவர்கள் சுமப்பது எது என்று எண்ணிப் பார்ப்போர் எத்துணைப் பேர்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் சுமார் 40,000 பேர். மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சாமையும் கேழ்வரகும் மிளகும் பலாவும் விளைவிப்போர். அவர்களுடைய நாடுகளிலே, செம்மேட்டைச் சுற்றியும் சோளக்காட்டிலும், இன்று விடுதிகள் எழுகின்றன. எழட்டும், வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விடுதி எழுந்தால் அதற்குத் தண்ணீர் வேண்டும், கழிவுநீர் போக வழி வேண்டும், குப்பை அள்ள ஆள் வேண்டும், கார்கள் ஏறி இறங்கச் சாலை வேண்டும். வருவாய் கட்டியவனுக்கு, செலவு ஊருக்கு! இந்த அநீதியைச் சரி செய்யவே வளர்ச்சிக் கட்டணம் என்ற ஏற்பாடு பிறந்தது. கட்டுபவன் ஊர்மீது ஏற்றும் பாரத்துக்கு அவனே பணம் தரட்டும் என்பதே அதன் பொருள்.

தமிழ்நாட்டிலே 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு வழி செய்தது. 2007-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்ற புதிய தண்டல் பெரிய கட்டடங்கள்மீது விதிக்கப்பட்டது. அதற்கான விதிகள் 2008-இல் வந்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் தோழர்களே, அந்தப் பணம் போய்ச் சேருமிடம் மாநில அளவிலான ஒரு நிதி. வசூலித்த ஊரிலேயே அதைச் செலவிட வேண்டும் என்ற கட்டு அதற்கு இல்லை. மலையில் எழும் கட்டடத்தின் பணம் கடற்கரை நகரத்தின் மேம்பாலத்துக்குப் போனாலும் கேட்பாரில்லை. உண்டியலிலே விழுந்த காணிக்கைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

கட்டணம் வேறு, வரி வேறு. இதைச் சொல்பவர் நாமல்லர், உச்சநீதிமன்றம். சென்னை மாகாணம் 1951-இல் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டப்படி, மடங்கள் தம் வருவாயிலே நூற்றுக்கு 5 வரை அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. சிரூர் மடத்தின் தலைவர் வழக்காடினார். 1954-இல் தீர்ப்பு வந்தது: பணம் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடுகிறது, செய்த பணிக்கென்று தனியே ஒதுக்கப்படவில்லை, எனவே இது கட்டணமன்று, வரியே! மடாதிபதிக்காக நீதிமன்றம் எழுப்பிய அந்தக் கேள்வியை மலைவாழ் உழவன் எழுப்பினால் மட்டும் அது மரியாதைக் குறைவாகிவிடுமா? பட்டுப் பீடத்திலிருந்து வந்த வழக்கு, பாமரனுக்கும் ஆயுதம் தந்திருக்கிறது, எடுக்கத் தயங்குவானேன்?

கொல்லிமலைக்கு இது பழைய புண். அந்த மலையின் பாக்சைட் கனி பல ஆண்டுகள் வெட்டப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. 2008-இல் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் நலனுக்கென மாவட்டந்தோறும் தனி அறக்கட்டளை வேண்டும் என்ற சட்டத் திருத்தம் வந்தது எப்போது? 2015-இல்! மலை கொடுத்து முடித்த பிறகு. இப்போது இரண்டாம் முறையும் ஏமாற வேண்டுமா?

சரி, கட்டணத்தின் அளவை எப்படிக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள்? அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதத்தில் விதிகள் வந்தன, கட்டணமும் விதிக்கப்பட்டது. கூக்குரல் எழுந்தது. அக்டோபரில் கட்டணம் குறைந்தது! அந்த ஐந்து திங்களில் சாலை போடும் செலவு குறைந்ததா? வடிகால் வெட்டும் கூலி குறைந்ததா? கூச்சலின் உயரத்தைக் கொண்டு அளப்பது கட்டணமாகாது, பேரமாகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் ஒரு மலை மாவட்டம் இருக்கிறது, எல் டொராடோ என்று. அங்கே ஷீட்ஸ் என்ற முதியவர் சிறு வீடொன்று அமைக்க இசைவு கேட்டார். சாலைக்கென்று 23,420 டாலர் கட்டு என்றனர். அவர் வீட்டால் சாலைக்கு எவ்வளவு பாரம் என்று தனியே கணக்கிடவில்லை, பட்டியலைப் பார்த்துக் கேட்டனர். 2024-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், சட்டமன்றமே விதித்த கட்டணமாயினும் பாரத்துக்கும் பணத்துக்கும் உள்ள பொருத்தம் சோதனைக்கு உட்பட்டதே என்றது. கட்டணமே கூடாது என்று அது சொல்லவில்லை. அதே மாநிலத்தில், வசூலித்து ஐந்தாண்டாகியும் செலவிடாத பணத்துக்கு விளக்கம் தர வேண்டும், தவறினால் திருப்பித் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. 2021-இல் வந்த மற்றொரு சட்டம், வீட்டின் பரப்புக்கேற்ப கட்டணம் இருக்க வேண்டும் என்றும், எட்டாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கைப் புதிதாய் ஆய்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாளிகளின் நாடு என்று நாம் ஏசுகிறோமே, அங்கேதான்!

"ஏழை ஊராட்சி தானாக என்ன திரட்டிவிடும்? பொது நிதிதானே பகிர்ந்தளிக்கும்?" என்பார் சிலர். கேள்வி நியாயமானதே. ஏழை ஊருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்தான், அதற்கு வரி இருக்கிறது. பகிர்வு என்ற பெயரால் ஏழை மலையிலிருந்து எடுத்துச் செல்வதற்குப் பெயர் என்ன? "கட்டணம் உயர்ந்தால் முதலீடு ஓடிவிடும்" என்பார் வேறு சிலர். நீரருவியும் குளிர்காற்றும் சமவெளியில் கிடைக்குமாயின் ஓடட்டுமே! குடிசையைக் கூரை வீடாக்கும் மலைவாசியிடம் ஒரு காசும் கேட்காதீர். அறைக்கு அறை குளியல் தொட்டி வைப்பவனிடம் அறையை எண்ணி, நீரை அளந்து, வண்டியைக் கணக்கிட்டு வாங்குங்கள். செலவு ஏறினால் கட்டணமும் ஏறட்டும், எந்தச் செலவு ஏறியது என்று காட்டிய பிறகு!

இளைஞர்களே, அக்டோபர் 2-இல் கிராம சபை கூடும். வளவந்தி நாட்டிலோ அரியூர் நாட்டிலோ உமக்குத் தோழர் இருப்பின் அவரோடு அமருங்கள். நம் எல்லைக்குள் இவ்வாண்டு இசைவு பெற்ற பெருங்கட்டடங்கள் எத்தனை, அவை செலுத்திய தொகை எவ்வளவு, அதில் இந்த மலைக்குத் திரும்பியது எவ்வளவு என்று கேளுங்கள். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை இல்லையென்றால், இல்லை என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.