மொழியைப் பரீட்சையாகக் கொடுக்காதீர்கள்



வாத்தியம் ஒன்றுமே இல்லாமல், குரலால் மாத்திரம் பாடுவதை ‘அகபெல்லா’ என்பார்கள். நம்மூர் மீலாத் மேடையில் றபான்கூட இல்லாமல் பிள்ளைகள் கஸீதா பாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது ஒரு பெரிய மரபு. யேல் பல்கலைக்கழகத்தின் விஃபென்பூஃப்ஸ் குழு 1909இல் தொடங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் தெற்காசியப் பாடல்களுக்கென்று ‘பென் மசாலா’ பிறந்தது. அங்கேயே சீனப் பாடல்களுக்கு ‘பென் யோ’ என்றொரு குழுவும் இருக்கிறது.

அமெரிக்காவில் பிறந்த சீனப் பிள்ளைகள் பலர், வார இறுதியில் சீன வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்கள். மற்றவர்கள் விளையாடும் நேரத்தில் இவர்கள் எழுத்து எழுதிப் பழக வேண்டும். வெறுத்துப்போனவர்கள் நிறைய. அப்படி வெறுத்த பிள்ளையே பல்கலைக்கழகம் போனபின், யாரும் கட்டாயப்படுத்தாமல் சீனப் பாட்டு ஒத்திகைக்கு ஓடுகிறது. ஏன்?

அங்கே அந்தப் பிள்ளை தேவைப்படுகிறது. வகுப்புக்கு ஒருவர் வராவிட்டால் வரவுப் பதிவேட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். இங்கே கீழ்க்குரல் பாடுபவர் வராவிட்டால் பாட்டே சரிந்துவிடும். ஒருவர் குரலை மற்றவர் கேட்டுத்தான் பாட முடியும். நட்பு அதிலேயே வந்துவிடுகிறது.

மொழி தடுமாறுபவருக்கும் இடமுண்டு. சீன எழுத்துத் தெரியாதவர் ‘பின்யின்’ முறையில், ஆங்கில எழுத்துக்களைப் பார்த்துப் பாடலாம். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி வாசிக்கவில்லையா? மண்டரின் பேச்சில் ‘மா’ என்பது தொனி மாறினால் அம்மாவும் ஆகும், குதிரையும் ஆகும். பேசும்போது பிழை விட்டால் சிரிப்பார்கள். பாட்டில் மெட்டு தொனியை விழுங்கிவிடுவதால் அந்தப் பயம் குறைவு.

“பாட்டுப் பாடினால் மொழி வந்துவிடுமா சேர்?” என்று கேட்பீர்கள். வராது. ஆனால் பொருள் தெரியாமல் ஒரு வரியை உணர்ந்து பாட முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குக் கோல் எடுத்து அம்மாவிடம் கேட்க வேண்டும். டெரேசா டெங் பாடலென்றால் அம்மாவுக்கு மனப்பாடமாகவே இருக்கலாம். வீட்டில் நின்றுபோன பேச்சு அந்தக் கேள்வியில் மறுபடி ஆரம்பிக்கிறது.

ஆசிரியனாக எனக்கு இது குத்துகிறது. தமிழ்மொழித் தினம் வந்தால் நன்றாகப் பேசும் பிள்ளையைத்தான் தேடுகிறோம். ‘ழ’ வராத பிள்ளையைக் கைதட்ட உட்கார வைக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். மொழி யாருக்கு அதிகம் தேவையோ, அவரையே வெளியில் நிறுத்துகிறோம்.

முதலில் அந்தப் பிள்ளைக்குப் பாட ஒரு வரி கொடுப்போம். அது இல்லாமல் பாட்டு நிறையாது என்று தெரியவைப்போம். இலக்கணத்தைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் சகோதரர்களுக்கும் இதையே சொல்வேன்.

உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? நாளைக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள்?