காலைத் தேய்க்காதீர்கள்

சென்ற மாதம் வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நேயர் அழைத்தார். அவருடைய அம்மா புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து வருகிறார். "காலையிலிருந்து ஒரு கால் மட்டும் சில்லுன்னு இருக்குண்ணே, வெளுத்துப் போச்சு. தைலம் தேய்ச்சுவிடலாமா?" என்றார்.

"தேய்க்காதீங்கம்மா. உடனே 999க்கு அழைங்க" என்றேன்.

அந்தப் பதிலுக்குக் காரணம் உண்டு. புற்றுநோய்க்கும் இரத்தம் உறைவதற்கும் உள்ள தொடர்பை 1865லேயே விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் அர்மாண்ட் ட்ரூஸோ. ஈராண்டுக்குள் தம் உடலிலும் அத்தகைய உறைவைக் கண்டார். தமக்கு என்ன நோய் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. 1867இல் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார்.

புற்றுநோய் இரத்தத்தை எளிதில் உறைய வைக்கிறது. சிஸ்பிளாட்டின் போன்ற சில கீமோ மருந்துகள் இரத்தக் குழாயின் உட்சுவரையும் பாதிக்கலாம். பெரும்பாலும் கட்டி உருவாவது கால் சிரைகளில்தான். அப்போது ஒரு கால் வீங்கி வலிக்கும். கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் இரத்தம் வேகமாகப் பாய்வதால் அங்கே கட்டி உருவாவது அரிது. உருவானாலோ ஆபத்து அதிகம். அதிலிருந்து உடையும் துண்டு இரத்த ஓட்டத்தோடு போய்க் கால், சிறுநீரகம், குடல், மூளை என எங்கும் அடைக்கலாம். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு காரணத்துக்காக எடுத்த சிடி ஸ்கேனில்தான் தெரியவரும்.

நம் வீடுகளில் எல்லாவற்றையும் "கீமோ அசதி" என்று ஒதுக்கிவிடுகிறோம். கால் திடீரெனக் குளிர்ந்து மரத்துப் போனாலோ, தாங்க முடியாத வயிற்றுவலி வந்தாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ அது அசதி இல்லை. அடைபட்ட காலைக் காப்பாற்றக் கிடைப்பது சில மணி நேரமே.

மருத்துவமனையில் முதலில் சொல்ல வேண்டியது: "இவர் கீமோ எடுப்பவர்." மருந்துப் பட்டியலையும் கையோடு கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். புற்றுநோயாளிகளுக்கு இரத்தக் கசிவு அபாயமும் உண்டு.

அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது, "எங்களுக்கு இரத்தக்கட்டி அபாயம் எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.