முதல் நாள் அழகு

டெல்லியில் என் நண்பர் ஒருவர் புகைப்படக் கலைஞர். போன டிசம்பரில் அவரைத் தேடி ஒருவர் வந்தார். கையில் பிரவுன் தாளில் சுற்றிய படம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நண்பரிடமே விலை கொடுத்து வாங்கியது. காசியின் படித்துறை, விடியற்காலை. பிரித்துப் பார்த்தால் படித்துறை இருந்தது, விடியலின் நீலத்தைக் காணோம். வந்தவர் சண்டை போடவில்லை. "இது இப்படித்தான் ஆகுமா?" என்று மட்டும் கேட்டார்.

நண்பர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தை வெளியே கொடுத்து அச்சிட்டிருந்தார். என்ன மை, என்ன தாள் என்று அன்று அவர் கேட்கவில்லை.

இனி சொந்தமாக ஒரு பெரிய இங்க்ஜெட் பிரிண்டர் வாங்குவது என்று முடிவு செய்தார். 44 அங்குல அகலம், விலை லட்சங்களில். பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்தார். தமிழ் படித்த எனக்கு அங்கே என்ன வேலை? "மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதானே உங்கள் தொழில்" என்றார்.

விற்பனையாளர் கிளி, பழக்கூடை, சூரிய அஸ்தமனம் என்று அச்சிட்டுக் காட்டினார். கண்ணைப் பறித்தது. நண்பர் அசையவில்லை. தன் படம் ஒன்றைக் கொடுத்தார். புகையேறிய சமையலறை, கறுப்புப் புடவையில் ஒரு பாட்டி. பளிச்சென்ற நிறங்களை எந்த இயந்திரமும் அடித்துவிடும். கறுப்புக்குள் இருக்கும் கறுப்புகளில்தான் அதன் யோக்கியதை தெரியும். புடவை மடிப்பு தெரிகிறதா, சுவரோடு ஒட்டிக்கொண்டதா? பிறகு சாம்பல் நிறப் பட்டை ஒன்றை அச்சிட்டு, டியூப்லைட், மஞ்சள் பல்பு, ஜன்னல் வெளிச்சம் மூன்றிலும் பார்த்தார். எங்கும் அது சாம்பலாகவே தெரிய வேண்டும். ஆரம்பகால நிறமி மைகள் சில, பகல் வெளிச்சத்தில் பச்சை பூக்கும்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்து வந்தது. திரை ஒளியால் பேசுகிறது, தாள் மையால் பேசுகிறது. திரையில் உள்ள சில நீலங்களுக்கும் பச்சைகளுக்கும் தாளில் சொல்லே இல்லை. மென்பொருள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கிறது. எல்லா நிறங்களையும் கொஞ்சம் சுருக்கி, அவற்றின் உறவைக் காப்பாற்றுவது ஒன்று. முடிந்ததை அப்படியே வைத்து, முடியாததற்கு மட்டும் அருகிலுள்ள நிறத்தைப் போடுவது இன்னொன்று. என் மேஜையில் தினமும் நடக்கும் வழக்கு இது. தொல்காப்பியர் மொழிபெயர்ப்பை வழிநூல் வகையில் சேர்த்தார். அச்சிட்ட படமும் வழிநூல்தான்.

ஆனால் இதெல்லாம் முதல் நாள் அழகு. காசிப் படமும் முதல் நாள் அழகாகத்தான் இருந்தது.

இந்தத் துறையின் முன்னோடி ஒரு பாடகர். கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் குழுவின் கிரஹாம் நாஷ். அச்சகங்களில் மாதிரிப் படி எடுப்பதற்காக உருவான ஐரிஸ் 3047 இயந்திரத்தை 1,26,000 டாலருக்கு வாங்கி, 1991-ல் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸைத் தொடங்கினார். கெட்டியான ஓவியத் தாள் நுழைய வேண்டும் என்பதற்காக இயந்திரத்தையே அறுத்துத் திருத்தினார்கள். அங்கே பணியாற்றிய ஜாக் டுகான், இங்க்ஜெட் என்ற சொல் கலைக்கூடங்களில் எடுபடாது என்று, பீய்ச்சுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'ஜிக்லே' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்தது, மை நிலைக்கவில்லை. ஆரம்பகால ஐரிஸ் படங்கள் பல, சில ஆண்டுகளிலேயே வெளிறின.

2000-ல் இன்னொரு பாடம். எப்சன் 1270 பிரிண்டரில் அச்சிட்ட படங்கள் சிலர் வீட்டில் சில நாட்களிலேயே ஆரஞ்சு நிறமாயின. வெளிச்சத்தைத் தாங்கும் என்று மதிப்பிட்ட மை, காற்றிலுள்ள ஓசோன் போன்ற வாயுக்களிடம் தோற்றது. சாய மையின் இடத்தில் நிறமி மை வந்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

"இது நூறு வருஷம் நிற்கும் சார்" என்றார் விற்பனையாளர். அமெரிக்காவில் ஹென்றி வில்ஹெல்ம் ஆய்வகம் தரும் இத்தகைய கணக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள், நாளுக்கு 12 மணி நேரம், 450 லக்ஸ் வெளிச்சம் என்ற அடிப்படையில் போடப்படுவது. ஒரு மை, ஒரு தாள் என்ற ஜோடிக்குத்தான் அந்த எண் பொருந்தும், பிரிண்டருக்கு அல்ல. அதே மையை, செயற்கை வெண்மையூட்டிய மலிவான தாளில் தெளித்தால், தாளே மஞ்சளித்துப் படத்தைக் கெடுத்துவிடும்.

கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்டேன். வாரத்துக்கு எத்தனை படம் அச்சிடுவீர்கள்? இரண்டு, என்றார். இந்த இயந்திரங்களுக்குச் சும்மா இருப்பதுதான் நோய். டெல்லியின் மே மாத வறட்சியிலும் தூசியிலும் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் விலையுயர்ந்த மை வீணாகும். வாரம் இரண்டு படத்துக்கு, அச்சாவதைவிடச் சுத்தம் செய்வதற்கே அதிக மை போய்விடலாம்.

நண்பர் பிரிண்டர் வாங்கவில்லை. அதே மாதிரி இயந்திரம் தினமும் ஓடும் ஒரு லேபைக் கண்டுபிடித்தார். எந்த மை, எந்தப் பருத்தித் தாள் என்று கேட்டார். சோதனைக்கு அச்சிட்ட ஒரு துண்டின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்கு ஜன்னலில் ஒட்டி, ஒரு கோடை முழுக்க வெயிலில் விட்டார். பிரித்தபோது இரண்டு பாதிக்கும் வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிறகு காசிப் படித்துறையை மறுபடி அச்சிட்டு, திருப்பிக் கொண்டுவந்தவருக்கே அனுப்பினார். காசு வாங்கவில்லை. படத்தின் பின்புறம் மை, தாள், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். கலைப் படம் வாங்குகிறவர்கள் அந்தப் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.