அப்பா என்ன பண்றார்?

நேர்காணல் அறைக்குள் நம்ம பிள்ளை காலெடுத்து வைத்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். அடுத்தது, "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" பாடம் அப்புறம், நேரமிருந்தால்.

இதற்குத்தான் நாமும் முகாம் போட்டுத் 'தயார்' செய்கிறோம். சட்டையை இன் பண்ணு, கும்பிடு போடாதே, கண்ணைப் பார்த்துப் பேசு, சேரிப் பேச்சு வாயில் வந்துடக் கூடாது. யார் மாதிரி ஆகச் சொல்கிறோம் தோழர்களே? (இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நமக்கு வேணும், வேறு காரணங்களுக்காக.) விடைத்தாளில் வெறும் நம்பர்தான். நேர்காணலில் முகம் இருக்கு, பேச்சு இருக்கு, சாதிச் சான்றிதழ் மேசைமேலேயே கிடக்கு. இதில் எந்தத் தகுதியை, எந்தத் திறமையை அளக்கிறான்?

நாம் கற்பனை பண்ணிச் சொல்வதில்லை இது. தமிழ்நாட்டில் 1970-71 மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு. பெரியகருப்பன் வழக்கில் உச்சநீதிமன்றமே அது அதிகம் என்றது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம். கேட்டது என்ன? பெற்றோர் யார், வீடு எங்கே! 1980இல் அஜய் ஹசியா வழக்கின் தீர்ப்பு, நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. பேச்சை டேப்பில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது.

எத்தனை இடத்தில் பதிவு செய்கிறான்?

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2016இல் அப்துல் நாஃபே குழு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தது. நேர்காணலில் பாகுபாடு தெரிகிறது, 30ஐ 15 ஆகக் குறையுங்கள் என்றது. நடந்தது தலைகீழ். 2017 ஆராய்ச்சிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு வெறும் வாசற்படி, நேர்காணலே எல்லாம் என்றாக்கினார்கள். அங்கே படித்த சேலத்துத் தோழர் முத்துகிருஷ்ணன் 2017 மார்ச்சில் சாவதற்குச் சில நாள் முன்பு எழுதியதும் நேர்காணலில் சமத்துவம் இல்லை என்பதைத்தான். விதி பிறகு 70க்கு 30 என்று மாறியது. 30 என்பது 15இன் இரண்டு மடங்கு, கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக, முகாமில் சொல்லித் தரவேண்டியது வேற. அறையைவிட்டு வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து எழுது: எத்தனை பேர் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை நிமிஷம். கூட வந்தவர்களையும் எழுத வை. முடிவு வந்தபிறகு 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. எல்லாருடைய எழுத்து மார்க்கையும் நேர்காணல் மார்க்கையும் பிரிவுவாரியாகக் கேள். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் மனுவுக்குப் பத்து ரூபாய்.