கற்பனைக்கு எத்தனை துணை!

'இமாஜினேஷன்' என்றால் கற்பனை என்று பள்ளிக்கூடத்துக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்தச் சொல் பெரும்பாலும் தனியாக வராது, துணையோடுதான் வரும். எந்தத் துணையோடு வந்திருக்கிறது என்று கவனித்தால்தான், நம்மைப் புகழ்கிறார்களா, மட்டம் தட்டுகிறார்களா என்பது விளங்கும்.

உங்கள் மகளுக்கு 'விவிட் இமாஜினேஷன்' இருப்பதாக ஆசிரியை சொன்னால் சந்தோஷப்படுங்கள். எதையும் கண்முன் நிற்கிறாற்போல் கற்பனை செய்கிறாள் என்று பொருள். அதுவே 'ஓவராக்டிவ் இமாஜினேஷன்' ஆகிவிட்டால், இல்லாததையெல்லாம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறாள் என்ற குறை!

1969-ல் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அது உலகத்தார் மனத்தைக் கவர்ந்தது என்பதை, 'இட் காப்சர்ட் தி வேர்ல்ட்ஸ் இமாஜினேஷன்' என்பார்கள். இங்கே 'காப்சர்' என்பது சிறைபிடிப்பதல்ல. உள்ளத்தைக் கொள்ளை கொள்வது.

'ஐ லீவ் இட் டு யுவர் இமாஜினேஷன்' என்றால், மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். 'பை நோ ஸ்ட்ரெச் ஆஃப் தி இமாஜினேஷன்' என்றால், கற்பனையை எவ்வளவுதான் இழுத்தாலும் எட்டாது. அதாவது, ஒருக்காலும் இல்லை!

'ஃபிக்மென்ட் ஆஃப் தி இமாஜினேஷன்' என்பது மனம் தானே புனைந்துகொண்ட ஒன்று. கதையைக் குறிக்கும் 'ஃபிக்ஷன்' என்ற சொல்லும் இந்த 'ஃபிக்மென்ட்'டும் ஒரே லத்தீன் வேரில் பிறந்த சகோதரிகள்.

கடைசியாக ஒன்று. 'இமாஜின்' என்பதோடு 'திங்ஸ்' சேர்ந்து, 'யூ ஆர் இமாஜினிங் திங்ஸ்' என்று வந்தால் உஷாராயிருங்கள். 'எல்லாம் உன் பிரமை' என்று சொல்கிறார்கள்! உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லும் பெண்கள் எத்தனையோ பேர், எத்தனையோ நாடுகளில் கேட்ட வார்த்தை இது. 1892-ல் அமெரிக்காவில் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்ற பெண்மணி 'தி எல்லோ வால்பேப்பர்' என்று ஒரு சிறுகதை வெளியிட்டார். அதில் மனைவி தனக்கு நோய் என்கிறாள். கணவனோ டாக்டர், இருந்தும் நம்பவில்லை. முடிவில் அவள் சித்தம் கலங்கிப்போகிறது.

ஆகவே, வைத்தியரே அப்படிச் சொன்னாலும் வாயடைத்து நிற்க வேண்டாம். 'ஐ ஆம் நாட் இமாஜினிங் இட், டாக்டர். இட் ரியலி ஹர்ட்ஸ்' என்று சொல்லுங்கள். 'இது பிரமை அல்ல, டாக்டர். நிஜமாகவே வலிக்கிறது' என்பது பொருள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மற்றவை மறந்தாலும் பாதகமில்லை. இதை மட்டும் இன்றே இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.