வெள்ளைக்குத் தடை!

எங்க ராஜபாளையத்தில் வெள்ளைக்குத் தனி மவுசு உண்டு. நாய் விஷயத்தில் மட்டும். உடம்பு பால் வெள்ளை, மூக்கு ரோஸ் கலர் என்றால் குட்டியின் விலை எகிறும். 2005-ல் தபால்தலையே போட்டார்கள். அந்த நாயைப் பார்த்து, "ஐயையோ, இது தொட்டா ஒட்டிக்குமா?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா மகளுக்கு உதட்டோரம் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. மிளகு சைஸ்தான். அவளிடம் எல்லாரும் கேட்டார்கள்.

முதல் தீர்ப்பு ஆச்சியுடையது. (ஆச்சி என்றால் அவளுக்கு, எனக்கு அம்மா.) "வெள்ளையா எதையும் திங்கப்படாது. வெள்ளைதான் வெள்ளையை இழுக்கும்!" பால், தயிர், மோர் கட். தெருவுக்குத் தெரு பால் சுண்டுகிற வாசனை வரும் ஊரில், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், அவளுக்குப் பால்கோவா கிடையாது! எதிர்வீட்டு அத்தை மீனை எடுத்தார். ஒரு வைத்தியர் புளியையும் கத்திரிக்காயையும் எடுத்தார். அத்தானின் நண்பர் முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்தார். மஞ்சள் பரவாயில்லையாம்.

நான் பி.காம். சும்மா இருப்பேனா? லெட்ஜர் மாதிரி நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'சாப்பிடலாம்', வலப்பக்கம் 'கூடாது' என்று முத்து முத்தாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மாசக் கடைசியில் இடப்பக்கம் மிஞ்சியது கேழ்வரகு, கருப்பட்டி, கொஞ்சம் கீரை. "பாலன்ஸ் ஷீட் டாலி ஆகலையே" என்று ஜோக் வேறு அடித்தேன். அவளும் சிரித்தாள்.

அதற்கப்புறம் அந்த லிஸ்ட்டில் அவளே மனசுக்குள் சேர்த்துக்கொண்டே போனது எங்களுக்குத் தெரியவில்லை. சோறு வெள்ளை. இட்லி வெள்ளை. தேங்காயை உடைத்தால் உள்ளே வெள்ளை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், "வயிறு சரியில்லை மாமா." ஒவ்வொரு வாய் சாப்பிட்டதும் ஓடிப்போய்க் கண்ணாடி பார்ப்பாள், பொட்டு பெரிசாகிவிட்டதா என்று. எட்டே மாசத்தில் 50 கிலோ 38 ஆனது. மாதவிலக்கு நின்றது. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பத்தியத்தை என்னமா கடைப்பிடிக்கிறா பாருங்க!"

காலேஜ் மாடிப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். தோல் டாக்டரம்மா பொட்டைப் பார்த்தது அரை நிமிஷம். மீதி நேரமெல்லாம் தூக்கம், சாப்பாடு பற்றித்தான் கேள்வி. கடைசியில், "தட்டைப் பாத்தா பயமா இருக்காம்மா?" என்றார். அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டாள்.

விஷயம் இதுதான். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. உலகத்தில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருத்தருக்கு உண்டு. பாலாலும் வருவதில்லை, மீனாலும் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதும் இல்லை. தொழுநோய்க்குக் கிருமி உண்டு. இதற்குக் கிருமியே கிடையாது. ஆனாலும் 'வெண்குஷ்டம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இனி 'வெண்புள்ளி' என்றுதான் சொல்லவேண்டும் என்று தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது. ஆச்சிக்கு அந்த ஆணை வந்து சேரவில்லை.

சாப்பிட மறுக்கிற வியாதி, ஒல்லியாக ஆசைப்படுகிற பணக்கார வீட்டுப் பெண்களுக்குத்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். 1995-லேயே டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாப்பிடாமல் எடை இறங்கி வந்தவர்கள். ஆனால் 'குண்டாயிட்டேன்' என்ற நினைப்பே அவர்களிடம் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்ணும் அந்த ரகம்தான்.

தோலுக்குக் களிம்பும், வாரம் இரண்டு தடவை புற ஊதா வெளிச்சமும். மாசக்கணக்கில் ஆகும், பொறுமை வேணும் என்றார். சாப்பாட்டுக்கு மனநல மருத்துவர். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகச் சோற்றைக் கொட்டக்கூடாதாம். ரத்தத்தில் உப்புச்சத்துகள் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்குமாம். அதனால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பயத்துக்கு ஓர் ஏணி. முதல் படி தேங்காய்ச் சட்னி, நடுவில் இட்லி, அப்புறம் தயிர், உச்சியில் பால்கோவா. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணாடி பக்கம் போகக்கூடாது. வீட்டாருக்கும் கண்டிஷன்: திட்டக்கூடாது, பாராட்டக்கூடாது, தட்டையே முறைத்துப் பார்க்கக்கூடாது.

அக்கா அந்த ஃப்ரிட்ஜ் லிஸ்ட்டையும் கொண்டு போயிருந்தாள். டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு, யாரு எழுதினது?" என்றார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

இப்போது 46 கிலோ. பொட்டு அப்படியேதான் இருக்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் திரும்பியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, அவளே ஒரு கடை வாசலில் நின்று நூறு கிராம் வாங்கினாள். ஸ்பூனில் எடுத்தாள். கை லேசாக நடுங்கியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"மாமா, நீங்க இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு எறங்காது. அந்தப் பக்கம் திரும்பிக் கோபுரத்தைப் பாருங்க."

திரும்பினேன். பதினோரு நிலைக் கோபுரம். கீழேயிருந்து மெதுவாக எண்ண ஆரம்பித்தேன். ஏழாவது நிலைக்கு வந்தபோது பின்னாலிருந்து, "மாமா, கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி" என்றாள்.