கூவி விற்கப்படும் வரலாறு

2023ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் வாள் ஒன்று விலைபோயிற்று. மைசூரை ஆண்ட திப்புவின் பள்ளியறையில் இருந்த வாள் அது. போனாம்சு என்னும் ஏல நிறுவனம் அதனைக் கூவி விற்றது. பதினைந்து இலக்கம் பவுன் முதல் இருபது இலக்கம் பவுன் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தனர். போனதோ 1,40,80,900 பவுன். இந்தியப் பணத்தில் 140 கோடி உருபாவிற்கும் மேல். செய்தித்தாள்கள் விலையைக் கண்டு வியந்தன. அவ்வாள் அவ்விடத்திற்கு எவ்வாறு போயிற்று என்று வினவியவை சிலவே.

போன வழி இது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரிலேயே மாண்டான். அன்றிரவு நகர் சூறையாடப்பட்டது. பின்னர் அச்சூறையும் முறைப்படுத்தப்பட்டது. கொள்ளைப்பொருளைப் பங்கிடுதற்கென்றே படையலுவலர் குழு ஒன்று அமர்ந்தது. கைப்பற்றிய பொருள்கள் மதிப்பிடப்பட்டன. பல ஏலத்தில் கூவப்பட்டன. படைத்தலைவன் முதல் கடைநிலைக் காலாள் வரை அவரவர் நிலைக்கேற்பப் பங்கு பிரிக்கப்பட்டது. பொற்றகடு வேய்ந்த எண்கோண அரியணை துண்டு துண்டாக்கப்பட்டது. அதன் பெரிய புலித்தலையும் உச்சியிலிருந்த பறவையும் ஆங்கில அரச குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. மேடையைச் சுற்றியிருந்த சிறு புலித்தலைகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. அவற்றுள் ஒன்று 2009இலும், மற்றொன்று 2010இலும் இலண்டனில் ஏலத்திற்கு வந்தன. பள்ளியறை வாளைக் கோட்டையைத் தாக்கிய படைத்தலைவனாகிய பெயர்டு என்பானுக்குப் படையினர் பரிசாக அளித்தனர்.

"திப்பு தமிழனல்லன், அவன் வாளைப் பற்றித் தமிழர்க்கு என்ன கவலை?" எனச் சிலர் வினவலாம். வினா முறையானதே. 1780இல் அவன் தந்தை ஐதர் அலியின் படை ஆர்க்காட்டு நாட்டினுள் புகுந்தபோது தமிழர் ஊர்கள் எரிந்தன, விளைநிலங்கள் பாழாயின. அதனை மறைத்தல் வேண்டா. எனினும், இவ்வாளின் வரலாறு தமிழ்மண்ணை விட்டு விலகியதன்று. அதே 1780இல் செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலப் படையொன்றை ஐதரும் திப்புவும் அழித்தனர். அப்போரில் சிறைப்பட்டவனே பெயர்டு. நாற்பத்துநான்கு திங்கள் சீரங்கப்பட்டணச் சிறையில் கிடந்து, பின் விடுதலை பெற்று, பதினைந்து ஆண்டு கழித்து அதே கோட்டையின்மேல் படை நடத்தினான். திப்புவின் மக்கள் காவலில் வைக்கப்பட்டதும் வேலூர்க் கோட்டையில்தான். 1806 சூலை 10ஆம் நாள் அக்கோட்டையில் எழுந்த சிப்பாய்கள் ஏற்றியதும் திப்புவின் கொடியையே. புள்ளலூர்ப் போரைத் தீட்டிய ஓவியமும் 2022இல் இலண்டனில் ஏலம் போயிற்று. தொண்டைநாட்டு வயல்வெளியில் நிகழ்ந்த போர், இன்று ஏதோ ஒரு செல்வர் வீட்டுச் சுவரை அணிசெய்யும் பொருளாகிவிட்டது. ஆகவே, கவலைப்படுதற்குக் கரணியம் உண்டு.

இங்கே சொற்களைச் சற்று ஓர்ந்து பார்த்தல் வேண்டும். 'ஏலம்' என்பது தமிழ்ச்சொல் அன்று. போர்த்துக்கீசிய வணிகர் வாயினின்று கரையேறிய சொல். அதற்குமுன் தமிழர் பலரறியக் கூவி விற்றதில்லை என்று கருதிவிடலாகாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பெருவிலை' என்னும் சொல் வழங்குகிறது. கோயில் நிலம் முதலியவற்றை ஊரறிய விலைகூறி விற்கும் முறைக்கு அது பெயர். அவ்விற்பனையில் நிலத்தின் நான்கெல்லையும், விற்றவர் பெயரும், வாங்கியவர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டன. எவரிடமிருந்து எவர்க்குப் போயிற்று என்பதில் மறைவே இல்லை. இற்றை ஏல நிறுவனங்களின் பட்டியலிலோ, 'ஐரோப்பியத் தனியார் ஒருவரின் தொகுப்பிலிருந்து' என்னும் ஒற்றைத் தொடரே பல பொருள்களுக்குப் பிறப்புச் சான்றாக நிற்கிறது. பெருவிலைக்கும் ஏலத்திற்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று, அறத்தளவிலும் உண்டு.

வென்றவன் தோற்றவன் பொருளைக் கொணர்வது எந்நாட்டிலும் இருந்த வழக்கமே. தமிழ் வேந்தரும் அதற்கு விலக்கல்லர். பகைவரின் காவன்மரத்தை வெட்டி முரசு செய்தனர். தோற்றார் முடிப்பொன்னால் மாலை செய்து பூண்டனர். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தை வென்று, அங்கிருந்த வாயிற்காவலர் கற்படிமத்தைச் சோணாட்டிற்குக் கொணர்ந்தான். அது இன்றும் தஞ்சையில் உள்ளது. தமிழர் செய்ததாயின் வாகை, அயலவர் செய்ததாயின் கொள்ளை என்று இரட்டை நாக்கால் பேசுவது புலமைக்கும் தகாது, இனமானத்திற்கும் தகாது.

ஆயின் ஒன்றை உள்ளுக. அப்படிமத்தின் அடியிலேயே, அது எவ்வூரினின்று, எவ்வேந்தனால், எப்போரில் கொணரப்பட்டது என்பது வெட்டப்பட்டிருக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டு கடந்தும் அக்கல் தன் பிறந்தவூரை மறக்கவில்லை. மறக்கும்படி சோழன் செய்யவுமில்லை. கலியாணபுரத்து மக்கள் இன்று வந்து கேட்பினும், "இது உங்களுடையதே" என்பதற்கான சான்றைக் கொணர்ந்தவனே எழுதி வைத்திருக்கிறான். வாகைப்பொருள் வேறு, வணிகப்பொருள் வேறு. முன்னது வென்றவன் செருக்கைக் காட்டும். ஆயின் உண்மையை மறைக்காது. பின்னது இருவகையாலும் பிழைக்கும். வரலாறு விலையை ஏற்றுமாயின், திப்புவின் வாளிற்போல, அதனை உரக்கக் கூவும். வரலாறு விலையைக் கெடுக்குமாயின், அதனை விழுங்கிவிடும்.

விழுங்கப்பட்ட வரலாற்றுக்கு எடுத்துக்காட்டு, கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் என்னும் ஊரிலேயே உண்டு. அவ்வூர்ச் சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் திருமங்கையாழ்வாரின் செப்புத்திருமேனி ஒன்று இருந்தது. பதினாறாம் நூற்றாண்டினது, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். கையில் வாளும் கேடயமும் ஏந்திய கோலம். 1967இல் அத்திருமேனி இலண்டனில் சோதபி நிறுவனத்தின் ஏலத்திற்கு வந்தது. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் அசுமோலியன் அருங்காட்சியகம் அதனை விலைக்கு வாங்கியது. தமிழ்ப் பாவலர் ஒருவரின் திருவுருவம், வழிபட்ட ஊரார் அறியாமலே, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ணாடிப் பேழைக்குள் 'தென்னிந்திய வெண்கலக் கலைப்பொருள்' ஆக நின்றது. ஊர்க்கோயிலிலோ அதன் இடத்தில் போலி ஒன்று நின்றது.

உண்மை எவ்வாறு வெளிவந்தது? 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பிரஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் 1957இல் அக்கோயிலில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று இருந்தது. தனி ஆய்வாளர் ஒருவர் அப்படத்தையும் அசுமோலியன் திருமேனியையும் ஒப்பிட்டு, 2019இல் அருங்காட்சியகத்திற்கு அறிவித்தார். அருங்காட்சியகம் இந்தியத் தூதரகத்திற்குத் தெரிவித்தது. தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2020இல் வழக்குப் பதிந்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் திருமேனியைத் திருப்பித்தர இசைந்தது.

இந்நிகழ்ச்சியில் மகிழ்தற்கும் இடமுண்டு, நாணுதற்கும் இடமுண்டு. ஒரே ஒரு நிழற்படம் ஒரு பல்கலைக்கழகத்தையே பணிய வைத்தது என்பது மகிழ்ச்சி. அந்நிழற்படத்தைப் பேணி வைத்தவர் பிரஞ்சுக்காரர் என்பது நாணம். கோயிலிலும் படமில்லை, ஊர்ப்பள்ளியிலும் படமில்லை, திங்கள்தோறும் திருமேனியை நீராட்டி அணிசெய்தவரும் அது மாறியதை உணர்ந்திலர், அல்லது உணர்ந்தும் உரைத்திலர். கள்வன் கொண்டுபோனது செம்பை மட்டுமன்று. ஊராரின் விழிப்பையும் சேர்த்தே கொண்டுபோனான்.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. தொன்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947இலேயே இயற்றப்பட்டது. அதனினும் வலிய தொன்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடப்புக்கு வந்தது. நூறாண்டு கடந்த தொன்பொருளைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் ஆகாது என்பது அதன் விதி. யுனெசுகோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையும் உண்டு. ஆனால் அவ்வுடன்படிக்கை முன்னோக்கியே செல்லும். 1799இன் கொள்ளையை அது தொடாது. சட்டம் கேட்பது சான்று. சான்று இல்லாதவனுக்குச் சட்டம் இருந்தும் இல்லாததே.

இனி, ஏலத்திற்கு வரும் பொருளை விலைகொடுத்து மீட்கலாமா என்னும் வினா எழும். 2025இல் இரகோசி போன்சுலே என்னும் மராட்டியப் படைத்தலைவனின் வாள் இலண்டனில் ஏலத்திற்கு வந்தபோது, மராட்டிய மாநில அரசே அதனை ஏறத்தாழ 47 இலக்கம் உருபாவிற்கு வாங்கி மும்பைக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டு மே திங்களில், 1898இல் பிப்ரவாவில் அகழ்ந்தெடுத்த புத்தர் நினைவு மணிகளை ஆங்காங்கில் ஏலமிட முயன்றபோது, இந்திய அரசின் மறுப்புக் கடிதத்தால் ஏலம் நின்றது; பின்னர் இந்தியத் தொழிற்குழுமம் ஒன்று வாங்க, சூலையில் அவை தாயகம் திரும்பின.

களவுப் பொருளுக்கு விலை கொடுப்பது களவை ஒப்புவதாகும் என்பர் ஒரு சாரார். கொடாவிடின் அது எவனோ ஒருவன் பெட்டகத்துள் மறைந்துபோகும் என்பர் மறுசாரார். இரண்டும் உண்மையே. ஆகவே பொருளின் தன்மை நோக்கித் தீர்மானித்தலே தக்கது. சட்டத்தின் கை எட்டாத பழம்போர்க் கொள்ளைப்பொருளாயின், அரசு வாங்கிப் பொதுமக்கள் காணும் அருங்காட்சியகத்தில் வைப்பது குற்றமன்று, குறைந்த தீமையாகும். கோயிலினின்று களவுபோன திருமேனியாயின், ஒரு காசும் கொடுத்தலாகாது. உரிமையாகக் கேட்டே பெறுதல் வேண்டும். தன் வீட்டுப் பொருளைத் திருடனிடம் விலைபேசுவோன் அடுத்த திருட்டுக்கும் அழைப்பு விடுக்கிறான்.

அயலவரைக் குறைகூறும் நாவு, உள்ளூரையும் ஒருகால் நோக்குதல் வேண்டும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிற்குச் சென்று பார்ப்பார்க்கு இது விளங்கும். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், சிற்பம் செதுக்கிய கதவு நிலைகள், பித்தளை அடுக்குகள், மரக்கால், படி, உழக்கு, அஞ்சறைப்பெட்டி, பாக்குவெட்டி, பல்லாங்குழிப் பலகை எல்லாம் விற்பனைக்குக் காத்திருக்கும். இவற்றைக் கொள்ளையிட எந்தப் படையும் வரவில்லை. பாகப்பிரிவினைக்காகவும், பேணவியலாமையாலும், பழையது என்னும் இளக்காரத்தாலும் உரியவர்களே தந்தவை இவை. வறுமையால் விற்றவரைப் பழிப்பது முறையன்று. ஆயின் பொருளோடு ஒன்று சேர்ந்து விலைபோவதை அவர் அறிதல் வேண்டும். விருந்தகத்து மேசைமேல் பூச்செண்டு தாங்கும் மரக்கால் 'மரக்கால்' ஆவதில்லை. 'பழங்காலப் பித்தளைக் குடுவை' ஆகிவிடுகிறது. அளந்தவரை அது மரக்கால். அளவை நின்றவுடன் பெயர் நின்றது. பெயர் நின்றவுடன் சொல் இறந்தது. எழுத்தாணியை அழகுப்பொருளாய்ச் சுவரில் மாட்டிய வீட்டில், அதன் பெயரறியாப் பிள்ளை வளர்கிறான். மொழிகாக்க முனைவோர் அகரமுதலியை மட்டும் காத்தல் போதாது. சொல் குடியிருக்கும் பொருளையும் காத்தல் வேண்டும்.

செய்யத்தக்கன அரியன அல்ல. ஒவ்வோர் ஊர்க்கோயிலிலும் உள்ள திருமேனி, விளக்கு, மணி, கல்வெட்டு ஆகியவற்றை முன்னும் பின்னும் பக்கமுமாக நிழற்படம் எடுத்து, அளவும் நாளும் குறித்து, ஊர்ப்பொதுவிடத்தில் ஒருபடியும் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒருபடியும் வைத்தல் வேண்டும். இன்று கைப்பேசி வைத்திராத இளைஞர் அரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பள்ளியாசிரியர்கள் தம் மாணவரைக்கொண்டு வீட்டுப் பழம்பொருள்களின் பெயரையும் பயனையும் முதியோரிடம் கேட்டு எழுதச் செய்தல் வேண்டும். விற்றே தீரவேண்டிய நிலையிலிருப்போர், முதலில் படமெடுத்துப் பெயரெழுதி வைத்துவிட்டு விற்கலாம். ஆழ்வார் திருமேனியை மீட்கத் துணைநின்றது படையன்று, பணமன்று. 1957இல் எவரோ எடுத்த ஒரு படம்.

சோழன் கொணர்ந்த கல் தன் ஊர்ப்பெயரைச் சுமந்து நிற்கிறது. தமிழர் கையினின்று போகும் பொருளும் தன் ஊர்ப்பெயரைச் சுமந்தே போகட்டும். பெயருள்ள பொருளை எந்நாட்டிலும் எந்நாளும் கேட்டுப் பெறலாம். பெயரற்றுப் போனதை ஏலக்காரனிடம் விலைக்கே வாங்குதல் வேண்டும். அதுவும், பிறருக்குமுன் கையுயர்த்த வல்லார்க்கே கிட்டும்.